வண்டிக்குள் வந்த வானொலி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் — தளவாய்புரம்)

வானொலி என்றதும், கூடத்து அலமாரியில் துணியுறை போட்டு வைத்திருந்த பெரிய பெட்டிதான் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு வரும். அது அசையாத பெட்டி. சுவரிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் அதற்குக் கிடைக்கும். கூரைமேல் நீளமான ஏரியல் கம்பி ஓடும். பக்கத்தில் எஞ்சினும் இல்லை, குலுக்கலும் இல்லை. அதே பெட்டியைத் தூக்கி ஒரு மோட்டார் காருக்குள் வைத்தால் பாடுமா? பாடாது. ஏன் பாடாது, பிறகு எப்படிப் பாட வைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காருக்குள் நுழையும் வானொலிக்கு ஐந்து இடையூறுகள் உண்டு. பேட்டரி தருவது வெறும் 6 அல்லது 12 வோல்ட். ஏரியலோ ஒரு மீட்டர் குச்சி. சாலையின் குலுக்கல் ஓயாது. ஒரு முழத் தூரத்தில் எஞ்சின் விடாமல் தீப்பொறி விட்டுக்கொண்டிருக்கும். வெயிலில் நிற்கும் வண்டி அடுப்பாகக் கொதிக்கும். பழைய கார் வானொலியைத் திறந்து பார்த்தால், அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் இந்த ஐந்தில் ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விடையாக இருப்பதைக் காணலாம்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் ஊர் தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடும். என் தாயாரும் நைட்டி தைப்பவரே. பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாடகை அம்பாசிடர் ஓட்டியவர். நான் வானொலிச் சுற்றுகளைப் பற்றிப் படிப்பதாகச் சொன்னதும் அவர், "அப்ப நம்ம வண்டி ரேடியோ எப்படிப்பா பாடுச்சு? எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு, பார்ப்போம்" என்றார். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குக் கட்டப்படம் வரைந்தால் போதும்; பெரியப்பாவுக்குக் கட்டப்படம் போதாது. மேலும், அவர் காதால் கேட்டு அறிந்திருந்த செய்திகள் பல எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றையும், இராஜபாளையத்தில் பழைய வானொலிகளைப் பழுதுபார்க்கும் ஓர் அண்ணாச்சியின் பட்டறையில் கண்டவற்றையும், வகுப்பில் கற்றவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

தோற்றம்

1920களில் அமெரிக்காவில் சிலர் காருக்குள் வானொலியைப் பொருத்திப் பார்த்தனர். பெரும் எண்ணிக்கையில் விற்ற முதல் பெட்டிகளுள் ஒன்று, சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930இல் வெளியிட்ட 'மோட்டோரோலா'. அந்தப் பெயர் பின்னர் அந்நிறுவனத்துக்கே பெயராயிற்று. ஜெர்மனியில் புளாபுங்க்ட் நிறுவனம் 1932இல் தன் முதல் கார் வானொலியைக் கொண்டுவந்தது. அதன் எடை சுமார் 15 கிலோ. விலையோ ஒரு சிறிய காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு!

நம் நாட்டில் 1938இல் சென்னையிலும், 1939இல் திருச்சியிலும், 1963இல் திருநெல்வேலியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. அம்பாசிடர், பியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களில் வசதியுள்ளோர் வானொலியைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டனர். அந்நாளில் வானொலி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் உரிமம் பெற்று ஆண்டுதோறும் கட்டணமும் கட்டவேண்டும். 1980களில்தான் அந்த முறை நீங்கியது.

12 வோல்ட் 200 வோல்ட்டான விதம்

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். பழைய வானொலி வால்வுகளால் ஆனது. வால்வின் இழையைச் சூடாக்கப் பேட்டரியே போதும். ஆனால் சூடான கேத்தோடிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களைத் தட்டை நோக்கி இழுக்க 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வேண்டும். தொடக்க நாளில் இதற்கென்றே தனி உயர்அழுத்தப் பேட்டரிகளைக் காரின் தரைப்பலகைக்கு அடியில் அடுக்கினார்கள். அவை தீர்ந்தால் புதிதாக வாங்கவேண்டியதுதான்.

மின்மாற்றியால் அழுத்தத்தை உயர்த்தலாமே என்று கேட்கலாம். மின்மாற்றியில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் இரண்டாம் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பது பாரடே விதி. பேட்டரியின் மின்னோட்டமோ மாறாத நேர்மின்னோட்டம். ஆகவே அதை வெட்டி வெட்டி அனுப்பவேண்டும். அந்த வேலையைச் செய்ய 1930களில் வந்த உறுப்புதான் வைப்ரேட்டர்.

வைப்ரேட்டர் என்பது ஏறத்தாழ நம் பள்ளிக்கூட மின்மணியே. ஒரு மெல்லிய எஃகு நாக்கை மின்காந்தம் இழுக்கும், இழுத்ததும் சுற்று துண்டிக்கப்படும், நாக்கு திரும்பும், மீண்டும் இழுபடும். இப்படி அது நொடிக்குச் சுமார் 100 முதல் 115 முறை அதிரும். மின்மாற்றியின் முதற்சுருள் நடுவில் பேட்டரியோடு இணைக்கப்பட்டிருக்கும். நாக்கு ஒருபுறம் சாயும்போது மின்னோட்டம் சுருளின் ஒரு பாதி வழியாகவும், மறுபுறம் சாயும்போது மறு பாதி வழியாக எதிர்த்திசையிலும் ஓடும். காந்தப்புலம் முன்னும் பின்னும் புரள, இரண்டாம் சுருளில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின்னோட்டம் பிறக்கும். அதை ஒரு திருத்தி வால்வு மீண்டும் நேர்மின்னோட்டமாக்கும். தொடுமுனைகள் பிரியும்போது எழும் மின்னழுத்தத் தாக்கைத் தாங்கிக்கொள்ள இரண்டாம் சுருளில் ஒரு மின்தேக்கி இருக்கும். அது கெட்டால் தொடுமுனைகள் தீய்ந்துபோகும்.

பட்டறை அண்ணாச்சி எனக்குத் திறந்து காட்டிய பெட்டியில் வைப்ரேட்டர் ஓர் உருண்டைத் தகரக் குப்பிக்குள் இருந்தது. அதன் இரைச்சல் வெளியே கேட்காமலிருக்க உட்புறம் ரப்பர் உறை. தேயக்கூடிய உறுப்பு என்பதால் வால்வைப் போலவே பிடுங்கி மாற்றலாம். "பொத்தானைத் திருகினதும் முதல்ல ஒரு ரீங்காரம் கேட்கும், பாட்டு பின்னாலதான் வரும். ரீங்காரமே இல்லைன்னா வால்வைத் தொடாதே, வைப்ரேட்டரைப் பாரு" என்றார். வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும், வைப்ரேட்டரோ உடனே அதிரும் என்பதே அதன் உட்பொருள். பழுது எங்கே என்று காதாலேயே கண்டுபிடிக்கும் முறை இது.

இந்தக் கருவி மறைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். மின்வெட்டின்போது நம் வீட்டில் விசிறியைச் சுழற்றும் இன்வெர்ட்டர் செய்வதும் இதே வேலைதான். எஃகு நாக்குக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தை வெட்டுகின்றன.

குட்டை ஏரியலும் நகரும் உள்ளகமும்

திருநெல்வேலி நிலையம் மத்திய அலையில் ஒலிபரப்பிய அதிர்வெண் 1197 கிலோ ஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 250 மீட்டர். அதன் கால்பங்கே 60 மீட்டருக்கு மேல் வரும். காரில் நிற்கும் குச்சியோ ஒரு மீட்டர். எனவே அது பிடித்துத் தரும் சமிக்ஞை மிக நலிந்தது.

குச்சியை வண்டிக்கு வெளியே நாட்டுவதும் காரணத்தோடுதான். காரின் உடல் இரும்புத் தகடு. உலோகக் கூண்டுக்குள் மின்புலம் எளிதில் நுழையாது என்று படித்திருக்கிறோம். கையடக்க டிரான்சிஸ்டரைக் காருக்குள் கொண்டுபோய்க் கதவுகளைச் சாத்தினால் ஒலி குன்றுவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஏரியலிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளுக்கும் ஒரு மின்தேக்குத்திறன் உண்டு. அது வண்டிக்கு வண்டி மாறும். அதனால் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு திருகாணி வைத்தார்கள். பெட்டியைப் பொருத்தியதும் வலுக்குறைந்த நிலையமொன்றை வைத்து, ஒலி மிகும்வரை அதைத் திருகவேண்டும். இதைச் செய்யாமல் விட்ட பெட்டிகளே 'இழுக்காத பெட்டிகள்' என்று பெயரெடுத்தன என்பார் அண்ணாச்சி.

அடுத்து, நிலையம் மாற்றுதல். வீட்டு வானொலியில் ஒன்றினுள் ஒன்று நுழையும் அலுமினியத் தகடுகளாலான மாறு மின்தேக்கி இருக்கும். குண்டும் குழியுமான சாலையில் அந்தத் தகடுகள் அதிர்ந்தால் நிலையம் நழுவும். ஆகவே கார் வானொலியில் மின்தேக்கியை நிலையாக வைத்து, தூண்டுசுருளின் மதிப்பை மாற்றினார்கள். சுருளுக்குள் இரும்புத்தூளை அழுத்திச் செய்த உள்ளகம் ஒன்று நுழைந்து வெளிவரும். உள்ளே போகப் போகத் தூண்டுதிறன் கூடி, ஒத்ததிர்வு அதிர்வெண் குறையும். அதிர்வெண் தூண்டுதிறனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதை நாம் அறிவோம். மத்திய அலைப்பட்டை 535 முதல் 1605 கிலோ ஹெர்ட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு. எனவே உள்ளகம் தூண்டுதிறனை ஒன்பது மடங்கு மாற்றியாகவேண்டும். இரண்டு மூன்று சுருள்களின் உள்ளகங்கள் ஒரே சட்டத்தில் சேர்ந்து நகரும். முன்புறமுள்ள பொத்தானை அழுத்தினால், முன்பே குறித்துவைத்த இடத்துக்கு அந்தச் சட்டம் தள்ளப்படும். சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் ஓட்டுநர் நிலையம் மாற்றலாம்.

எல்லா நிலையங்களும் ஒரே அதிர்வெண்ணாக

நலிந்த சமிக்ஞையைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கவேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் எல்லாப் பெருக்கிகளையும் மாற்றி மாற்றி இசைவிப்பது கடினம். அமெரிக்கப் பொறியாளர் ஆம்ஸ்ட்ராங் 1918இல் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன் முறை இதைத் தீர்த்தது.

பெட்டிக்குள் ஓர் அலையியற்றி உண்டு. திருநெல்வேலிக்குத் திருப்பும்போது அது 1652 கிலோ ஹெர்ட்ஸில் அதிரும். வரும் 1197உடன் இது கலக்கும்போது வேறுபாடாக 455 கிலோ ஹெர்ட்ஸ் பிறக்கும். திருச்சியின் 936க்குத் திருப்பினால் அலையியற்றி 1391க்கு நகரும். வேறுபாடு மீண்டும் 455. எந்த நிலையமாயினும் 455 ஆகிவிடுவதால், பின்னால் வரும் பெருக்கிகளை அந்த ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் ஒருமுறை இசைவித்தால் போதும். பலவகைத் துணிகள் வந்தாலும் ஒரே அளவாக வெட்டிக் கொடுத்துவிட்டால் தைப்பவர்க்கு வேலை எளிது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். பிறகு டையோடு ஒன்று ஊர்தி அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்க, அது ஒலிபெருக்கிக்குப் போகிறது.

எஞ்சினே ஓர் ஒலிபரப்பு நிலையம்

ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1887இல் முதன்முதலாக வானொலி அலைகளை உண்டாக்கியது எப்படி? ஓர் இடைவெளியில் உயர்அழுத்தத் தீப்பொறியைப் பாயவிட்டுத்தான். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கிலும் நடப்பது அதேதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு நான்கு பொறி வீதம் நிமிடத்துக்கு 6000 பொறி, நொடிக்கு 100. ஒவ்வொன்றும் சிறியதொரு ஒலிபரப்பு. மத்திய அலை ஒலிபரப்பில் அலையின் வீச்சிலேயே ஒலி ஏற்றப்படுவதால், வீச்சை உலுக்கும் பொறிகள் 'படபட'வென்று பாட்டோடு கலந்துவிடும்.

இதற்கு மருந்து பொறி பிறக்கும் இடத்திலேயே வைக்கப்பட்டது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் கம்பியில் சுமார் 10,000 ஓம் மின்தடை சேர்த்தார்கள். பொறிக்குத் தேவையான மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். ஆனால் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆகவே மின்தடையால் எஞ்சினுக்குக் கேடில்லை. அலைவு மட்டும் அடங்கிப்போகும். டைனமோவின் தூரிகைகளிலும் சிறு பொறிகள் எழும். அதற்கு அரை மைக்ரோ பாரட் அளவில் ஒரு கண்டென்சரை டைனமோவின் உடலோடு திருகினார்கள். பெட்டிக்கு வரும் மின்கம்பியில் ஒரு தூண்டுசுருளும், பானெட்டுக்கும் உடலுக்கும் இடையே பின்னல் செப்புப் பட்டையும் வைத்தார்கள்.

பெரியப்பா சொன்ன ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பெட்ரோல் அம்பாசிடரில் படபடப்பும் சீழ்க்கையும் இரண்டுமே கேட்கும். டீசல் அம்பாசிடருக்கு மாறிய பிறகு படபடப்பு அறவே நின்று, சீழ்க்கை மட்டும் எஞ்சினை முடுக்க முடுக்க உயர்ந்தது என்றார். டீசல் எஞ்சினில் எரிபொருள் அழுத்தச் சூட்டால் பற்றுகிறது. அங்கே ஸ்பார்க் பிளக்கே கிடையாது. படபடப்பு பிளக்குடையது, சீழ்க்கை மின்னாக்கியுடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை நம் ஆய்வகத்திலும் அமையாது. சோதனையென்று அறியாமலே செய்த சோதனை அது.

டிரான்சிஸ்டர் வந்தது, வெப்பம் பகையானது

1947இல் பெல் ஆய்வகத்தில் பர்டீனும் பிராட்டனும் டிரான்சிஸ்டரை உருவாக்கினர். ஷாக்லியோடு சேர்ந்து 1956இல் நோபல் பரிசும் பெற்றனர். டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதும் என்பதால் வைப்ரேட்டரும் மின்மாற்றியும் திருத்தி வால்வும் ஒருசேர வேலையிழந்தன. 1955இல் கிறைஸ்லர், பில்கோ நிறுவனங்கள் முழுவதும் டிரான்சிஸ்டராலான கார் வானொலியை அறிவித்தன. இடையில் சில ஆண்டுகள், 12 வோல்ட் தட்டு அழுத்தத்திலேயே இயங்கும் தனிவகை வால்வுகளையும், கடைசிப் பெருக்கத்துக்கு மட்டும் ஒரு டிரான்சிஸ்டரையும் கொண்ட கலப்புப் பெட்டிகளும் வந்தன. நம் நாட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலி வால்வுகளை 1961இலும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை 1962இலும் தயாரிக்கத் தொடங்கியது.

ஆனால் ஜெர்மானியத்துக்கு வெப்பம் ஆகாது. ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் அதன் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும். 30 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் எட்டு மடங்கு. மின்னோட்டம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மின்னோட்டம் மேலும் கூடும். இறுதியில் டிரான்சிஸ்டர் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். நம் விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காரை எண்ணிப் பாருங்கள்! அதனால்தான் பெட்டியின் பின்புறத்தில் சிறகுபோன்ற அலுமினியத் தகட்டை வைத்து, அதில் டிரான்சிஸ்டரைத் திருகினார்கள். எமிட்டரில் ஒரு ஓமுக்கும் குறைவான மின்தடை இருக்கும். அது மின்னோட்டம் மிகும்போது கட்டுப்படுத்தும். எல்லை மீறினால் பியூஸாகத் தானே அறுந்து டிரான்சிஸ்டரைக் காக்கும். பின்னர் வந்த சிலிக்கான் டிரான்சிஸ்டரே இந்தத் தொல்லையை நீக்கியது.

இன்னொரு கண்ணியும் இருந்தது. அந்நாளைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்திருப்பார்கள். வேறு கார்களில் எதிர்முனை. வைப்ரேட்டர் பெட்டிகள் பலவற்றுக்கு இது பொருட்டில்லை. டிரான்சிஸ்டருக்கோ முனை மாறினால் உயிர் போகும். ஆகவே பல பெட்டிகளில் முனைமாற்றி ஒன்று வைக்கப்பட்டது. பழைய பெட்டியைக் கையிலெடுக்கும் எவரும் முதலில் பார்க்கவேண்டியது அதையே.

மலையோரமும் இரவும்

வண்டி ஓடும்போது சமிக்ஞை கூடிக் குறையும். பாலத்தடியில் தேயும், மேட்டில் ஓங்கும். இதைச் சமப்படுத்தவே தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு. டையோடிலிருந்து கிடைக்கும் நேர்மின்னழுத்தம் வரும் அலையின் வலுவுக்கேற்ப மாறும். அதையே முன்னுள்ள பெருக்கிகளுக்குத் திருப்பியனுப்பினால், வலுத்த அலைக்குப் பெருக்கம் குறையும், நலிந்த அலைக்குக் கூடும். கேட்பவர் காதில் ஒலி ஓரளவு ஒரே சீராக விழும்.

இரவில் தென்காசிச் சாலையில் போகும்போது, பகலில் வராத தொலைதூர நிலையங்களெல்லாம் வந்து குவியும் என்பது பழைய ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்ததே. பகலில் அயனி மண்டலத்தின் அடியடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைய, அலைகள் மேலடுக்குவரை சென்று திரும்பும். இந்த மண்டலம் உண்டென்பதை 1924இல் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவினார். நம் ஓட்டுநர்கள் அதைப் பாட்டாகக் கேட்டார்கள்.

இன்று என்ன பயன்?

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. வண்டிகள் உடைபடும்போது அவற்றின் வானொலிகள் செம்புக்காக எடைக்குப் போகின்றன. அண்ணாச்சியின் பட்டறைக்குத் தொழில் கற்க இப்போது யாரும் வருவதில்லை. 'ரீங்காரம் இல்லையென்றால் வால்வைத் தொடாதே' என்பது போன்ற அறிவு எந்த நூலிலும் ஏறாமல் அவரோடு நின்றுவிடக்கூடும். பொருள் போவதைவிட இந்த இழப்பே பெரிது.

பழைய சிக்கல்களும் தீர்ந்துவிடவில்லை. பொறியே இல்லாத மின்சாரக் கார்களில், மோட்டாருக்கான மின்னோட்டத்தை வேகமாக வெட்டும் கருவிகள் மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. அதனால் வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் அந்த அலைவரிசையையே காரிலிருந்து நீக்கிவிட்டன. உறை, மின்தேக்கி, தூண்டுசுருள், மின்தடை என்று அன்று கண்ட மருந்துகளே இன்றைய பொறியாளருக்கும் கைகொடுக்கின்றன.

எனவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலருக்கு வீட்டில் பாடம் சொல்லித்தரப் படித்தவர்கள் இல்லை. ஆனால் நம் வீடுகளில் ஓட்டுநர் இருக்கிறார், மெக்கானிக் இருக்கிறார், மில்லில் மோட்டார் கட்டுபவர் இருக்கிறார். அவர்கள் கண்டதையும் கேட்டதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வருவோம். காரணத்தைப் பேராசிரியர்களிடம் கேட்போம். அறிந்ததைத் தமிழில் அவர்களிடமே திரும்பச் சொல்வோம். எடைக்குப் போகவிருக்கும் பெட்டிகளில் ஒன்றையேனும் வாங்கி, மூடியைக் கழற்றி, உறுப்புகளுக்குப் பெயர் ஒட்டி நம் ஆய்வகத்தில் வைக்கலாம். கரும்பலகையில் கட்டங்களாகக் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன், அங்கே சுருளும் உள்ளகமும் வால்வுமாய் அடுத்து வரும் மாணவர்களின் கைக்கு எட்டும்.